கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

பென்சில்வேனியாவின் லான்காஸ்டருக்கு ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள். நியூ ஜெர்சியிலும் ஃபிலடெல்ஃபியா பக்கமும் இருக்கிற நம்மவர்கள் ஆமிஷ் சந்தைக்கு வழி கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். சனிக்கிழமை பிள்ளைகளின் பாட்டு வகுப்பு, வீட்டு வேலை என்று கழிந்துவிடும். மிச்சமிருப்பது ஞாயிறு. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் காரோட்டிப் போய்ச் சேர்ந்தால், நீங்கள் தேடி வந்த மனிதர்கள் யாரும் கடையில் இருக்கமாட்டார்கள். பழைய ஒழுங்கில் வாழும் கிறிஸ்தவர்களான ஆமிஷ் மக்களுக்குத் தனிக் கோயில் கட்டடம் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் வீட்டிலோ களஞ்சியத்திலோ கூடி வழிபடுவார்கள். இடைப்பட்ட ஞாயிறு உறவினர் வீட்டுக்குப் போகிற நாள். பண்ணை வாசல்களில் கையால் எழுதி நட்டிருக்கும் பலகைகளிலேயே ‘ஞாயிறு விற்பனை இல்லை’ என்று கண்டிருக்கும். அன்று திறந்திருப்பவை பெரும்பாலும் 30ஆம் எண் நெடுஞ்சாலையை ஒட்டிய பெருங்கடைகளும் பயணிகளுக்கான நினைவுப்பொருள் கடைகளும்தான். அங்கே ஆமிஷ் என்று எழுதிய புட்டி வாங்கலாம், அதைச் செய்தவரிடம் ஒரு கேள்வி கேட்க முடியாது.

இந்த ஊர்ச் சந்தைகள் நம் வாரச்சந்தைகளைப் போலவே கிழமைக்குக் கட்டுப்பட்டவை. எஃப்ராட்டாவின் கிரீன் டிராகன் சந்தை வெள்ளிக்கிழமை மட்டும் கூடும். அது 1932இல் தொடங்கியது. மேன்ஹைம் பக்கத்து ரூட்ஸ் சந்தை 1925இலிருந்து நடக்கிறது, அதற்குச் செவ்வாய்தான் நாள். லான்காஸ்டர் நகரின் நடுவிலுள்ள சென்ட்ரல் மார்க்கெட் செவ்வாய், வெள்ளி, சனி என்று மூன்று நாள் இயங்கும். 1730களிலிருந்து சந்தை கூடிவரும் அந்த இடத்தில் இப்போது நிற்கும் செங்கல் கட்டடம் 1889இல் எழுந்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு அங்கே சனிக்கிழமை காலை நல்ல நேரம், ஆனால் எட்டு மணிக்குள் போய்விட வேண்டும். பத்து மணிக்கு மேல் கூட்டத்தில் நின்று பேசவே இடமிருக்காது. ஒரு நாள் விடுப்பு எடுக்க முடியுமென்றால் நான் கிரீன் டிராகனைத்தான் சொல்வேன். ஒருபுறம் வைக்கோல் ஏலம், இன்னொருபுறம் கோழி, முயல் ஏலம், நடுவில் ரொட்டி வாசனை. பயணிகளுக்காக ஒப்பனை செய்த இடமல்ல அது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் தங்கள் வேலைக்காக வருகிற இடம்.

அத்தனை தூரம் போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் ரெடிங் டெர்மினல் மார்க்கெட் 1893இலிருந்து இருக்கிறது, அதில் லான்காஸ்டர்காரர்களின் கடைகள் ஒரு பகுதியாக இருக்கின்றன. சந்தை ஞாயிறும் திறந்திருக்கும், அந்தக் கடைகள் மட்டும் மூடியிருக்கும். நியூ ஜெர்சியிலும் மேரிலாந்திலும் வாரக் கடைசி மூன்று நாள் மட்டும் நடக்கும் ஆமிஷ் சந்தைகள் பல உண்டு. ஆமிஷ் மக்கள் கார் வைத்துக்கொள்வதில்லை, ஓட்டுவதில்லை. ஆனால் பிறர் ஓட்டும் வண்டியில் ஏறிப்போகத் தடையில்லை. வாடகை வேனில் விடியுமுன் கிளம்பி வந்து கடை விரித்து, மாலையில் அதே வேனில் திரும்பிப் போகிறார்கள். லான்காஸ்டர் வட்டாரத்தில் நிலத்தின் விலை ஏறிப்போய், குடும்பங்களும் பெருகிவிட்ட பிறகு எல்லாப் பிள்ளைகளுக்கும் பண்ணை பிரித்துக் கொடுக்க முடியவில்லை. அதனால்தான் இத்தனை பேர் தச்சுக்கும் சந்தைக்கும் வந்தார்கள். ஒரு பை ரொட்டிக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு வாங்கினால், விலையைப் பற்றி முணுமுணுக்கத் தோன்றாது.

எதிரில் நிற்பவர் ஆமிஷா, அவர்களோடு சந்தையில் கடை போடும் மெனனைட்டா என்று எப்படித் தெரியும் என்று நண்பர்கள் கேட்பார்கள். இரண்டு கூட்டத்துக்கும் வேர் ஒன்றே. 1525இல் சூரிக் நகரில், குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கூடாது, விவரம் தெரிந்து தானே ஏற்பதுதான் ஞானஸ்நானம் என்று சொல்லித் துன்புறுத்தப்பட்டவர்களின் வழியில் வந்தவர்கள் இவர்கள். அந்த வழியின் தலைவர்களில் ஒருவரான மென்னோ சைமன்ஸின் பெயரால் மெனனைட்டுகள் ஆனார்கள். 1693இல் ஜேக்கப் அம்மான் இன்னும் கடுமையான ஒழுங்கு வேண்டும் என்று பிரிந்தபோது ஆமிஷ் பிரிவு உண்டானது. லான்காஸ்டர் சாலையில் சாம்பல் நிறக் கூண்டுள்ள குதிரை வண்டி போனால் ஆமிஷ், கறுப்புக் கூண்டென்றால் பழைய ஒழுங்கு மெனனைட். காலால் உந்திப் போகும் ஸ்கூட்டரில் வருகிற பையன் ஆமிஷ், சைக்கிளில் வருகிறவன் மெனனைட். திருமணமான ஆமிஷ் ஆண்கள் மீசையில்லாத தாடி வைத்திருப்பார்கள். பெண்களின் உடை ஒரே வண்ணத்தில் பூவில்லாமல் இருந்தால் ஆமிஷ், சின்னப் பூப்போட்ட துணியென்றால் பெரும்பாலும் மெனனைட். மெனனைட்டுகளில் இன்னொரு பெரிய கூட்டம் நம்மைப் போலவே கார் ஓட்டி, கணினியில் வேலை செய்பவர்கள். ஆக, உடையை வைத்து மட்டும் எல்லோரையும் கண்டுபிடித்துவிட முடியாது. சந்தையில் கடை போட்டிருக்கும் எல்லோரும் ஆமிஷோ மெனனைட்டோ அல்ல.

‘வீட்டில் செய்தது’ என்ற பலகையை நம்பி வாங்கலாமா? நான் பலகையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூன்று கேள்விகள் கேட்கிறேன். இதை யார் செய்தது, எங்கே செய்தது, எந்த நாள் செய்தது. உண்மையில் செய்தவர் முன்னால் நின்றால் பதில் உடனே வரும். தன் அக்கா வியாழக்கிழமை இரவு சுட்டது என்பார், அல்லது இந்த ஜாம் மட்டும் வேறொரு பண்ணையிலிருந்து வாங்கி வைத்திருக்கிறோம் என்று தாமே சொல்லிவிடுவார். அளவாகத்தான் பேசுவார்கள், ஆனால் கேட்டதற்கு நேராகப் பதில் சொல்வார்கள். சுற்றி வளைத்து வருகிற பதில் என்றால், அந்தப் புட்டி எங்கோ ஒரு தொழிற்சாலையில் நிரப்பி, கடைப் பெயர் ஒட்டி வந்ததாக இருக்கக்கூடும். பல கடைகளுக்கு ஒரே இடத்தில் ஜாமும் ஊறுகாயும் நிரப்பித் தருகிற ஆலைகள் உண்டு. அதில் தவறொன்றும் இல்லை. புட்டியின் பின்புறச் சீட்டைப் படித்துவிட்டு, தெரிந்து வாங்குங்கள். கண்ணெதிரே கைவேலை நடக்கும் கடை இருந்தால் அதையே தேர்ந்தெடுப்பது என் வழக்கம்.

அப்படிக் கண்ணெதிரே நடப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது பிரெட்சல். மாவை நீளக் கயிறாக உருட்டி, இரண்டு முனையையும் தூக்கி ஒரு சுழற்றுச் சுழற்றி மடித்துப் போடுவதற்கு அந்தப் பெண்களுக்கு இரண்டு மூச்சு நேரம்கூட ஆவதில்லை. சோடா உப்புக் கரைத்த நீரில் முக்கி எடுத்து அடுப்பில் வைத்தால் அந்தச் செம்பழுப்பு நிறமும் தனி மணமும் வந்துவிடுகின்றன. வெளியே வந்ததும் உருகிய வெண்ணெய் பூசித் தருவார்கள். மேலே தூவும் கல்லுப்பு வேண்டாம் என்றால் முன்பே சொல்லிவிடலாம். சுடச்சுடத் தின்ன வேண்டிய பண்டம், வீட்டுக்குக் கொண்டுபோனால் தோலாகிவிடும். கடினமான பிரெட்சல் வேண்டுமானால் பக்கத்து லிட்டிட்ஸ் ஊருக்குப் போகலாம். ஜூலியஸ் ஸ்டர்ஜிஸ் 1861இல் தொடங்கிய பிரெட்சல் அடுமனை அங்கே இன்னும் இருக்கிறது.

சைவ உணவுக்காரர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சமையல் பன்றியைச் சுற்றி வளர்ந்த சமையல். பழம் நிரப்பிச் சுட்ட ‘பை’ என்னும் பண்டம் என்றால் அதில் இறைச்சிக்கு என்ன வேலை என்று நினைப்போம். ஆனால் அந்த மேலோடு உதிர்ந்து கரைவதற்குக் காரணம் பல வீடுகளில் லார்ட் என்னும் பன்றிக் கொழுப்புதான். ‘இதில் இறைச்சி இருக்கிறதா’ என்று கேட்டால் இல்லை என்பார்கள், அது அவர்கள் அளவில் உண்மையான பதில். ‘மேலோட்டில் லார்டா, வெஜிடபிள் ஷார்ட்டனிங்கா, வெண்ணெயா’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். உருளைக்கிழங்கு சிப்ஸிலும் கொழுப்பில் வறுத்தவை உண்டு, பொட்டலத்திலேயே அச்சிட்டிருப்பார்கள். வேகவைத்த பீன்ஸ் என்று பார்த்தால் ஹாம் துண்டு கிடக்கும். வசந்தகாலத்து டேண்டலியன் கீரை சாலட்டுக்குச் சூடான பேக்கன் கொழுப்பில் செய்த குழம்பை ஊற்றுவார்கள். இங்கே சிக்கன் பாட் பை என்று கேட்டால் மூடிபோட்ட பை வராது, சதுரமாக நறுக்கிய மாவுத் துண்டுகள் மிதக்கும் கெட்டியான கோழிச் சாறு வரும். நூடுல்ஸ் எல்லாம் முட்டை போட்டவை. சீஸில் ரென்னெட் என்னும் உறைபொருள் எதிலிருந்து எடுத்தது என்பதையும் அதே மூச்சில் கேட்டுவிடலாம். கேட்பதில் கூச்சம் வேண்டாம். மதத்துக்காக உணவில் கட்டுப்பாடு வைத்துக்கொள்வது என்ன என்பதை இவர்களுக்குப் புரியவைக்கத் தேவையில்லை. ஒரு கடையில் நான் கேட்டதும் அந்தப் பெண் பதில் சொன்னதோடு நிற்காமல், உள்ளே போய்த் தன் தாயிடம் இன்னொரு முறை விசாரித்துவிட்டு வந்து, ஆப்பிள் பை வேண்டாம், பக்கத்தில் இருக்கிற இனிப்பு பன்னை எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். விற்க வேண்டிய பொருளை வேண்டாம் என்று சொன்ன அந்தக் கடைக்கு நான் தொடர்ந்து போகிறேன்.

எங்கள் வீட்டில் எல்லோரும் ஒருமுகமாக விரும்புவது சௌ-சௌ. பெயரைப் பார்த்து நம் சௌசௌ காய் என்று எண்ணிவிடாதீர்கள். தோட்டத்தில் பருவம் முடியும்போது மிஞ்சுகிற பீன்ஸ், காலிஃபிளவர், கேரட், சோளமணி, குடைமிளகாய் எல்லாவற்றையும் வேகவைத்து, வினிகரும் சர்க்கரையும் கடுகும் சேர்த்துக் கண்ணாடிப் புட்டியில் அடைத்துவைப்பது. உறைபனி நாளில் காய்கறிக்கு வழி செய்த ஏற்பாடு. நம் ஊறுகாயின் வேலையைத்தான் செய்கிறது, ஆனால் தொட்டுக்கொள்ள அல்ல, கிண்ணத்தில் போட்டுக் கரண்டியால் சாப்பிட. தயிர்சாதத்துக்கு அது பொருந்துவதை ஊரிலிருந்து வந்திருந்த அம்மாதான் முதலில் கண்டுபிடித்தார். திறந்த பிறகு குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஆப்பிள் பட்டர் என்பதில் வெண்ணெய் துளியும் இல்லை. ஆப்பிளையும் அதன் சாற்றையும் பெரிய செப்புக் கொப்பரையில் மணிக்கணக்காகக் கிளறி, பட்டையும் கிராம்பும் போட்டுக் கறுப்பாகச் சுண்டவைப்பது. இலையுதிர் காலத்தில் சில பண்ணைகளில் அதைக் கிளறுவதையே நேரில் பார்க்கலாம். தோசைக்குத் தடவிக் கொடுத்தால் பிள்ளைகள் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

ஷூஃப்ளை பை பற்றி வருகிறவர்களுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருக்கும், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். அது பழப் பை அல்ல. மொலாசஸ் என்னும் கருநிறக் கரும்புப் பாகும் மேலே உதிரி மாவும்தான். பழமில்லாத மாதங்களுக்கு உரிய பண்டம். அடியில் பாகு ஈரமாக நிற்பது ஒரு வகை, கேக் மாதிரி உலர்ந்தது இன்னொரு வகை. முதல்முறை சாப்பிடுகிறவர்களுக்கு ஈரமானதே பிடிக்கும் என்பது என் அபிப்பிராயம். சர்க்கரை போடாத கறுப்புக் காப்பியோடு சாப்பிடுங்கள், தித்திப்பு அடங்கும்.

மெனனைட் குடும்பங்கள் நடத்தும் மொத்தச் சாமான் கடைகளைப் பயணிகள் தவறவிடுகிறார்கள். வழிகாட்டிப் புத்தகங்களில் அவை பெரிதாக வராது. மாவு, ஓட்ஸ், உலர்ந்த பயறு வகைகள், பட்டை, சோம்பு, கடுகு எல்லாம் அளந்து கண்ணாடித்தாள் பைகளில் கட்டி வைத்திருப்பார்கள். பட்டையும் சோம்பும் நகரத்துக் கடைகளைவிட மலிவு, வேகமாக விற்பதால் மணமும் போகாது. ஜாம் புட்டிகள், மூடிகள் வேண்டுமென்றாலும் அங்கேதான்.

மெனனைட் சமையலுக்கு இன்னொரு முகமும் உண்டு. எஃப்ராட்டாவுக்கு அருகில் ஆக்ரன் என்ற சிற்றூர் இருக்கிறது. மெனனைட் சென்ட்ரல் கமிட்டியின் அமெரிக்கத் தலைமையகம் அங்கே. 1920இல் உக்ரைன் பகுதியில் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு அனுப்பத் தொடங்கிய அமைப்பு அது. அவர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் டோரிஸ் ஜான்சென் லாங்கேக்கர் எழுதிய மோர் வித் லெஸ் என்ற சமையல் நூல் 1976இல் வந்தது. உலகில் உணவுத் தட்டுப்பாடு இருக்கும்போது நாம் குறைவாக உண்ண வேண்டாமா என்ற கேள்வியில் பிறந்த புத்தகம். பருப்பும் தானியமும் கொண்ட சமையல்களைப் பல நாடுகளிலிருந்து திரட்டி, அமெரிக்க வீடுகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. சந்தையில் இனிப்பும் இறைச்சியும் குவிந்திருப்பதைப் பார்த்துவிட்டு இதுதான் மெனனைட் சாப்பாடு என்று முடிவு கட்டாமல் இருக்க, அந்த நூல் எனக்கு உதவியது. பழைய புத்தகக் கடைகளில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள்.

எல்லாச் சந்தைகளையும்விட மேலான வீட்டுச் சாப்பாடு கிடைப்பது மட் சேல் என்னும் ஏலங்களில். குளிர்காலம் முடிந்து பனி உருகி மண் சேறாகிற பிப்ரவரிக் கடைசியிலிருந்து வசந்தம் முழுக்க, ஊர் ஊராகத் தீயணைப்புச் சங்கங்களுக்குப் பணம் திரட்ட நடப்பவை. கார்டன்வில்லில் மார்ச் மாதத்தில் நடப்பது பெரியது. அங்கெல்லாம் தீயணைப்பு வேலையைச் சம்பளமில்லாமல் ஊர்க்காரர்களே செய்கிறார்கள், ஆமிஷ் ஆண்களும் சேர்ந்திருக்கிறார்கள். ஏலத்துக்குக் கையால் தைத்த குவில்ட் போர்வைகள், ஏர், குதிரை வண்டி எல்லாம் வரும். பெண்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து நன்கொடையாகத் தரும் பைகளும் டோனட்டுகளும் ஒரு மேசையில் இருக்கும், பெரிய பாத்திரங்களில் கோழியும் சோளமும் போட்ட சூப் கொதிக்கும். யாரும் லாபத்துக்குச் செய்யாத சாப்பாடு. பழைய ரப்பர் காலணி போட்டுக்கொள்ளுங்கள், சில்லறை நிறைய வைத்துக்கொள்ளுங்கள், ஏலம் கூவும் இடத்தில் தேவையில்லாமல் கையை உயர்த்தாதீர்கள்.

நாள்காட்டியில் இன்னும் சில நாள்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிறிஸ்து விண்ணேறிய நாளான வியாழனிலும், ஈஸ்டருக்கு மறுநாளும், டிசம்பர் 26ஆம் தேதியும் பல ஆமிஷ் கடைகள் திறக்கமாட்டா. அக்டோபர் 11 லான்காஸ்டர் ஆமிஷ் மக்களுக்கு உபவாச நாள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை அவர்களின் கல்யாணக் காலம். அறுவடை முடிந்த பின் செவ்வாயிலும் வியாழனிலும் கல்யாணம் வைக்கிறார்கள், நூற்றுக்கணக்கில் உறவு கூடும். அந்த வாரங்களில் செவ்வாய்ச் சந்தைக்குப் போனால் சில கடைகள் துணி போர்த்திக் கிடப்பதைப் பார்க்கலாம். கல்யாண விருந்தில் செலரித் தண்டுக்கு முக்கிய இடம் உண்டு, ஆகவே பெண்ணுள்ள வீட்டுத் தோட்டத்தில் அந்த வருஷம் செலரி அதிகமாக நட்டிருப்பார்கள்.

படம் எடுப்பதைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஆமிஷ் மக்களின் முகம் தெரியப் படம் எடுக்கக் கூடாது. உருவம் செய்யாதே என்ற பைபிள் கட்டளையையும் தன்னை முன்னிறுத்தக் கூடாது என்ற அவர்களின் ஒழுங்கையும் மீறுவது அது. ரொட்டியைப் படம் எடுக்கலாமா என்று கேட்டால் பெரும்பாலும் தலையசைப்பார்கள், அப்போதும் கைப்பேசியைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். கடையில் நிற்கும் சின்னப் பெண்ணிடம் ஏன் பள்ளிக்குப் போகவில்லை என்று நம் பெரியவர்கள் பரிவோடு கேட்டுவிடுகிறார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பை முடிப்பது அவர்கள் வழக்கம். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே அதை அனுமதித்துத் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது அவர்கள் வாழ்க்கையை விசாரிக்காதீர்கள். ரொட்டி எப்படி வந்தது, இந்த வருஷம் பீச் எப்படி என்று கேளுங்கள், முகம் மலர்ந்து பேசுவார்கள். சாலையில் குதிரை வண்டிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஹாரன் அடிக்கக் கூடாது, குதிரை மிரளும். எதிரே நெடுந்தூரம் தெரிகிற இடத்தில் நன்றாக விலகி, மெதுவாகக் கடந்து போங்கள்.

கனடாவில் இருக்கும் தமிழர்களுக்கும் ஒரு சந்தை உண்டு. டொரொன்டோவிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் வாட்டர்லூ அருகே செயின்ட் ஜேக்கப்ஸ். வியாழனும் சனியும் முக்கிய நாள்கள், கோடையில் செவ்வாயும் உண்டு. சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்கள் பழைய ஒழுங்கு மெனனைட்டுகள். 2013இல் பிரதான கட்டடம் தீயில் எரிந்துபோய் மறுபடி கட்டினார்கள். அங்கே வளையமாக வெட்டிய ஆப்பிளை மாவில் தோய்த்துப் பொரித்துத் தருவதற்கு வரிசை நீளமாக இருக்கும், நின்று வாங்கலாம், தகும். வசந்தத்தின் தொடக்கத்தில் போனால் அந்த ஆண்டின் முதல் மேப்பிள் பாகு கிடைக்கும். பக்கத்து எல்மைராவில் 1965இலிருந்து அதற்கென்றே விழா நடக்கிறது.

புறப்படும்போது பனிக்கட்டி போட்ட குளிர்பெட்டி ஒன்றைக் காரில் வையுங்கள். ஒன்று, ஐந்து டாலர் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கடைகளில் அட்டை வாங்குகிறார்கள், பண்ணை வாசலில் ஆளில்லாமல் பணப்பெட்டி மட்டும் வைத்திருக்கும் இடத்தில் சில்லறைக்கு யாரைக் கேட்பது? காய்ச்சாத பாலை உரிமம் பெற்று விற்கப் பென்சில்வேனியாவில் அனுமதி உண்டு, நியூ ஜெர்சியில் விற்கவே கூடாது. தயிருக்காக நாங்கள் வாங்குவோம். பொங்கப் பொங்கக் காய்ச்சிய பிறகே வீட்டில் யார் வாயிலும் படும். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் பச்சைப் பால் ஆபத்து, ருசி பார்க்கக்கூடக் கொடுக்காதீர்கள்.

எதை எப்போது வாங்குவது என்பதை மண்ணே சொல்லும். மே மாதம் அஸ்பராகஸும் ருபார்பும், மே கடைசியிலிருந்து ஜூன் வரை ஸ்ட்ராபெரி, ஜூலையில் இனிப்புச் சோளம், ஆகஸ்டில் தக்காளியும் பீச்சும், செப்டம்பரிலிருந்து ஆப்பிள். ஜனவரியில் ஸ்ட்ராபெரி பை விற்றால் அந்தப் பழம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். சோளத்தை மட்டும் கடைசியாக, வீடு திரும்பும் வழியில், பண்ணை வாசலில் வாங்குங்கள். காலையில் பறித்ததா என்று கேளுங்கள். பறித்த நிமிஷத்திலிருந்து அதன் சர்க்கரை மாவுச்சத்தாக மாறிக்கொண்டே இருக்கிறது. தோலை உரிக்காமல் குளிர்பெட்டியில் வைத்து, அன்றிரவே வேகவைத்துவிடுங்கள்.